ஓவர்லேண்டிங் தொடங்க எவ்வளவு ஆகும்? காரைக்குடியிலிருந்து ஒரு செலவுக் கணக்கு

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற நிலையில் ஒரு வண்டி வீட்டில் இருந்தால், சாமானோடு ஊர் ஊராக நகர்ந்துகொண்டே போகும் ஓவர்லேண்டிங்கை 8,000 முதல் 12,000 ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம். நான் 1,10,000 ரூபாயில் தொடங்கினேன். அதில் 85,000 ரூபாய், வண்டியின் கூரைமேல் விரியும் ரூஃப்டாப் டென்ட்டுக்குப் போனது. ஒன்றரை வருடத்தில் அதில் நான் தூங்கியது நான்கு இரவுகள். ஓர் இரவுக்கு எவ்வளவு விழுந்தது என்று வகுத்துப் பார்த்தேன். அந்தக் காசுக்குக் கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாற்றிய பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் காலை நீட்டிப் படுத்து, மூன்று வேளையும் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கலாம்.

டென்ட்டைப் பிரித்து வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) காயப் போட்டிருந்த அன்று அப்பத்தா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏப்பா, நம்ம வீட்ல கட்டில் இல்லையா?" அன்றைக்குச் சிரித்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாகச் சொல்லும் பதில்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை விளக்கம். வண்டியில் போய் லாட்ஜில் தங்குவது சுற்றுலா. ஓரிடத்துக்குப் போய் இரண்டு நாள் கூடாரம் அடிப்பது கேம்பிங். படுக்கை, அடுப்பு, தண்ணீர், பழுது பார்க்கும் சாமான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு வேறிடம் என்று நகர்ந்துகொண்டே போவது ஓவர்லேண்டிங். ஆஸ்திரேலியாவில் மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் சென்றவர்களை ஓவர்லேண்டர் என்று அழைத்ததிலிருந்து வந்த சொல் இது. 1955-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, இந்தியா, பர்மா வழியாக அடுத்த வருடம் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் இந்த விஷயம் உலகம் முழுக்கப் பிரபலமானது.

நம் பக்கத்துக்கு இது ஒன்றும் புதிதில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகும்போது, சாமான் ஏற்றிய மாட்டுவண்டிகளும் கூடப் போகும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஊருக்கு ஊர் தங்கல், சமையல், மறுபடி நடை. யாரும் அதற்கென்று கடைக்குப் போய்ப் புதிதாகச் சாமான் வாங்கிக்கொண்டு கிளம்புவதில்லை. வீட்டில் இருப்பதுதான் வண்டியில் ஏறும். எனக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்று சொல்ல முடியாது, அப்பத்தா இருந்தது.

முதலில் பரணை இறக்குங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பரணுக்கு ஒதுக்குங்கள். ஜமக்காளம், கோரைப்பாய், போர்வை, தலையணை, எவர்சில்வர் தூக்கு, அடுக்கு கேரியர், ஒரு சின்ன வாணலி, கரண்டி, கத்தி, டார்ச், மண்வெட்டி, அரிவாள், பழைய பிளாஸ்டிக் வாளி. இத்தனையும் நம் ஊர் வீடுகளில் கட்டாயம் கிடைக்கும். இதையே 'கேம்பிங் செட்' என்று பெயர் போட்டு விற்கும் இடத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெட்டிக்கு டிரங்குப் பெட்டியே போதும். ஓவர்லேண்டிங்காரர்கள் விரும்பும் கனமான பிளாஸ்டிக் பெட்டிகள் ஒன்று 3,000, 4,000 என்று போகின்றன. தூசி, மழை இரண்டையும் தாங்கும், மேலே ஏறி உட்காரலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தகர டிரங்கும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். மூடி ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டிவிட்டால் செம்மண் தூசி உள்ளே போகாது. ஒரே குறை, மேடு பள்ளத்தில் சத்தம் போடும். அடியில் பழைய சாக்கை விரித்தால் அதுவும் அடங்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். எனாமல் தட்டு, எனாமல் குவளை, எனாமல் கேரியர் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். வெளிநாட்டு ஓவர்லேண்டிங் படங்களில் எல்லார் கையிலும் இருக்கிறதே, அதே எனாமல் குவளைதான். ஓரம் சில்லு பெயர்ந்ததைக் கேளுங்கள், விலை குறையும். ஆனால் உள்பக்கம் பெயர்ந்ததை வாங்காதீர்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கையும் காட்டுவார்கள். ஆசையாகத்தான் இருக்கும். நான் ஒன்று வாங்கி, முகப்பில் தொங்கவிட்டிருக்கிறேன்.

வீடு திரும்ப வைக்கும் சாமான்: முதல் காசு இதற்குத்தான்

ஓவர்லேண்டிங் என்றதும் கூடாரமும் ஃப்ரிட்ஜும்தான் கண்முன் வரும். கூடாரம் இல்லாவிட்டால் வண்டிக்குள் சாய்ந்து படுத்து ஓர் இரவைக் கழித்துவிடலாம். டயரில் காற்று இல்லாவிட்டால் எதுவும் செய்ய முடியாது. அதனால் பையில் இருக்கும் முதல் ரூபாய் டயருக்கு.

செட்டிநாட்டுப் பக்கம் வண்டிக்கு முதல் எதிரி பாறையோ சேறோ இல்லை, சீமைக்கருவேல முள். கண்மாய்க் கரை, வண்டிப்பாதை, தரிசு என்று எங்கே இறங்கினாலும் வெட்டிப்போட்ட முள் கிடக்கும். டியூப்லெஸ் பஞ்சர் கிட் ஒன்று 400 முதல் 600 ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே அரம் போல ஒரு குத்தூசி, ரப்பர் திரியைச் செருக ஓர் ஊசி, பத்துப் பன்னிரண்டு திரிகள் இருக்கும். வாங்கியதும் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். தெரிந்த பஞ்சர் கடைக்குப் போய், அண்ணனிடம் தூக்கிப் போடும் பழைய டயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் இரண்டு முறை குத்திப் பழகுங்கள். அரத்தை உள்ளே இறக்கக் கைக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது பாதையில் தெரியவருவதைவிடக் கடையில் தெரிவது நல்லது. டயரின் பக்கச்சுவரில் விழுந்த ஓட்டையை இந்தத் திரி காப்பாற்றாது. அதற்கு ஸ்டெப்னிதான். கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா, வீல் ஸ்பேனர் உங்கள் நட்டுக்குப் பொருந்துகிறதா என்று ஒருமுறை பாருங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்தது டயர் இன்ஃப்ளேட்டர். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் வகை, 2,000 முதல் 3,000 ரூபாய். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வயர் பின் டயர்வரை எட்ட வேண்டும். இரண்டு, தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடலாம் என்று அட்டையில் போட்டிருக்கும். மலிவானவை பத்து நிமிடத்திலேயே சூடேறி நின்றுவிடும். காற்று அடிக்கும்போது எஞ்சினை ஓடவிடுங்கள், பேட்டரி இறங்காது. மணலிலும் குழைசலான மண்ணிலும் டயரில் காற்றைக் குறைத்தால் டயர் அகன்று தரையைப் பற்றும். சாதாரணமாக 30 பி.எஸ்.ஐ-க்கு மேல் வைத்திருப்பவர்கள் மணலில் 18, 20 வரை இறக்குவதுண்டு. ஆனால் தார்ச்சாலை ஏறியதும் மறுபடி அடித்துவிட வேண்டும். காற்றை இறக்க எல்லாராலும் முடியும், ஏற்றுவதற்குத்தான் இந்தக் கருவி. தனியாக ஒரு காற்றழுத்தமானி 300 ரூபாய்.

மூன்றாவது, இழுவைப் பட்டையும் அதை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையமான டி-ஷாக்கிள் இரண்டும். 1,500 முதல் 2,500 ரூபாய். பட்டையின் தாங்குதிறன் வண்டி எடையைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். என் பழைய பொலிரோவுக்கு 5 டன் பட்டை. இரண்டு முனையிலும் மெல்லிய கொக்கி தொங்கும் மலிவுக் கயிற்றைத் தொடாதீர்கள். இழுக்கும்போது கொக்கி பிய்ந்தால் கவண்கல் போலப் பறக்கும். பட்டையை பம்பரிலோ ஆக்சிலிலோ மாட்டாமல், வண்டித் தயாரிப்பாளர் இழுப்பதற்கென்று கொடுத்த வளையத்தில் மாட்டுங்கள். பட்டையின் நடுவில் ஒரு கனத்த சாக்கைப் போடுங்கள், அறுந்தால் அதன் வேகத்தைக் குறைக்கும். வேடிக்கை பார்க்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எங்கிருந்து வருவார்கள் என்று தெரியாது, வண்டி சிக்கினால் பத்துப் பேர் வந்துவிடுவார்கள்.

எனக்கு இது தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜனவரியில், தண்ணீர் வடிந்திருந்த கண்மாய் ஒன்றுக்குள் வண்டியை இறக்கினேன். மேலே வெடித்துக் காய்ந்த மண், பார்க்கச் சிமெண்ட் தரை போல இருந்தது. அடியில் களிச்சேறு. நாலு சக்கரமும் அச்சுவரை இறங்கிவிட்டன. அன்றைக்கு என்னிடம் 85,000 ரூபாய் டென்ட் இருந்தது, 2,000 ரூபாய் பட்டை இல்லை. ஒரு மணி நேரம் கழித்து டிராக்டர் ஒன்று கிடைத்தது. சங்கிலியைப் போட்டு இழுத்துவிட்டு 500 ரூபாய் வாங்கிக்கொண்ட அண்ணன், "தம்பி, கண்மாய்க்குள்ள மாடே யோசிச்சுத்தான் எறங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ரெக்கவரி போர்டு என்று பல் வைத்த பிளாஸ்டிக் பலகைகள் வருகின்றன. ஒரு ஜோடி 4,000 ரூபாயில் தொடங்கி 10,000 வரை. நல்ல சாமான்தான். ஆனால் தனியாக, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போகத் தொடங்கும்போது வாங்கினால் போதும். அதுவரை வீட்டு மண்வெட்டியும், டயருக்கு அடியில் திணிக்க இரண்டு பழைய தேங்காய்நார் மிதியடிகளும் வேலையை முடிக்கும்.

ஜெரி கேன் எனப்படும் 20 லிட்டர் எரிபொருள் கேன் வேண்டவே வேண்டாம். ஜெர்மானியர்கள் 1930-களில் ராணுவத்துக்காக வடிவமைத்தது. ஜெர்மானியருக்கு ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயர் 'ஜெரி', அதுதான் கேனுக்கும் ஒட்டிக்கொண்டது. சஹாராவில் தேவைப்படும். தேவகோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவில் எதற்கு? போகும் வழியெல்லாம் பங்க் இருக்கிறது. மூடிய வண்டிக்குள் பெட்ரோல் கேனை வைத்துக்கொண்டு போவது, கட்டுச்சோற்றுக்குள் பெருச்சாளியை வைத்துக் கட்டிய கதைதான்.

இவற்றோடு முதலுதவிப் பெட்டி, 1 கிலோ தீயணைப்பான், தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் ஒன்று. மூன்றும் சேர்த்து 2,000, 2,500 ரூபாய். தீயணைப்பானை டிக்கியில் சாமானுக்கு அடியில் புதைக்காமல், ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

தூக்கம்

ரூஃப்டாப் டென்ட்டைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. தரை ஈரமாக, கல்லும் முள்ளுமாக இருக்கும் ஊர்களுக்கும், குளிர் பிரதேசங்களுக்கும் அது அருமையான ஏற்பாடு. ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம், மெத்தை உள்ளேயே இருக்கும். எங்கள் ஊர் விஷயம் வேறு. மார்ச் பிறந்தால் ராத்திரி பத்து மணிக்கும் காற்றில் அனல் இருக்கும். கனத்த துணியும் நுரை மெத்தையும் சேர்ந்த ஒரு பெட்டிக்குள், தரையிலிருந்து ஆறடி உயரத்தில் படுத்தால் வேர்த்துக் கொட்டும். சுவரை ஒன்றரை அடி கனத்துக்கு எழுப்பி, நடுவில் வளவைத் திறந்துவிட்ட முன்னோர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

எடைதான் பெரிய சங்கதி. ரூஃப்டாப் டென்ட் பெரும்பாலும் 50 முதல் 70 கிலோ இருக்கும். அதைத் தாங்கக் கேரியர் வேறு வேண்டும், அது தனி எடை, தனி விலை. வண்டியின் கையேட்டில் கூரை எவ்வளவு தாங்கும் என்று போட்டிருப்பார்கள். ஓடும்போது தாங்கும் எடை அது. வண்டி நிற்கும்போது அதைவிடப் பல மடங்கு தாங்கும், அதனால்தான் மேலே இரண்டு பேர் படுக்க முடிகிறது. ஆனால் ஓடும்போது வளைவில் சாய்வதும் பள்ளத்தில் குலுங்குவதும் கூரைக்கு வேறு கணக்கு. பல கார்களுக்கு இந்த எல்லை 50, 75 கிலோவுக்குள் முடிந்துவிடும். கையேட்டைத் திறக்காமல் டென்ட் விலையை விசாரிக்காதீர்கள். விற்கிறவர் இதைக் கேட்க மாட்டார். என்னிடம் கேட்கவில்லை.

எனவே முதல் வருடத்துக்கு மூன்று வழிகள்.

முதல் வழி, நாடாக்கட்டில் அல்லது மடக்குக் கட்டில், மேலே கொசுவலை, அதற்கும் மேலே தார்ப்பாய். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இதைவிடச் சுகமான படுக்கை எங்கள் பக்கம் கிடையாது. மடக்குக் கட்டில் 2,500 முதல் 4,000 ரூபாய், கொசுவலை 500, நல்ல தார்ப்பாய் 800 முதல் 1,200, நைலான் கயிறு 200. தார்ப்பாயை வண்டியின் ஒரு பக்கத்தில் கட்டி, மறுபக்கத்தை இரண்டு கம்புகளில் இழுத்துக் கட்டினால் அதுவே பந்தல். ஆனிங் என்ற பெயரில் 10,000, 20,000 ரூபாய்க்கு வருவதும் இதே பந்தல்தான், சுருட்டி வைக்க வசதியாக ஒரு பை இருக்கும். கட்டில் எதற்கு என்றால் தேளும் பூரானும் உள்ள தரை நம்முடையது. காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

இரண்டாவது வழி, தரைக் கூடாரம். இரண்டு மூன்று பேருக்கானது 3,500 முதல் 8,000 ரூபாய். இரட்டை அடுக்குத் துணி இருக்க வேண்டும். உள் அடுக்கு வலையாக இருந்தால் காற்று வரும். மேல் துணி எவ்வளவு நீர் தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 2,000 இருந்தால் சாதாரண மழைக்குப் போதும். ஐப்பசி அடைமழையில் எந்தக் கூடாரமும் வேண்டாம், வீட்டில் இருங்கள்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. பின் சீட்டை மடக்கி, மேலே ஒரு பலகை. டென்ட்டை விற்ற பிறகு நான் செய்தது இதைத்தான். தெரிந்த ஆசாரி ஒருவரை அழைத்து வண்டியை அளக்கச் சொன்னேன். 12 மில்லிமீட்டர் பிளைவுட், மடக்கும் கால், கூலி எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் ஆயிற்று. பலகைக்கு அடியில் டிரங்கும் தண்ணீர் கேனும், மேலே மெத்தை. சன்னலை நாலு விரற்கடை இறக்கி, வலைத்துணியைக் காந்தத்தால் ஒட்டிவிடுவேன். எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவது, மூடிய வண்டிக்குள் அடுப்பையோ கரியையோ பற்றவைப்பது, இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தண்ணீரும் சோறும்

நம் வெயிலில் ஓர் ஆளுக்குக் குடிக்க மட்டுமே ஒரு நாளைக்கு 4, 5 லிட்டர் ஆகும். சமையல், பாத்திரம், முகம் கை கால் எல்லாம் சேர்த்து 8 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், இரண்டு நாள்: 32 லிட்டர். குழாய் வைத்த 20 லிட்டர் கேன் இரண்டு எடுத்தால் மிச்சமும் இருக்கும். விலை 500 முதல் 800 ரூபாய். இரண்டும் சேர்ந்து 40 கிலோ என்பதை மறக்காதீர்கள். கூரைமேல் ஏற்றாமல், முன் சீட்டுக்கு நேர் பின்னால் தரையோடு வைத்துக் கட்டுங்கள். ஊருணித் தண்ணீரை அள்ளலாமா என்று ஊரில் கேட்டுவிட்டு அள்ளுங்கள். பல ஊர்களில் குடிதண்ணீருக்கென்று காப்பாற்றி வைத்திருப்பார்கள், படியில் செருப்போடு இறங்கினாலே சத்தம் வரும்.

முதல் பயணத்துக்கு அடுப்பே வேண்டாம் என்பேன். மதியத்துக்குப் புளியோதரை, ராத்திரிக்குப் பொடி தடவிய இட்லி, கொறிக்கச் சீப்புச் சீடை, மாவுருண்டை, தேன்குழல். மணகோலம் இருந்தால் இன்னும் நல்லது. கெடாமல் பல நாள் கிடக்கும் பலகாரம் செய்வதில் செட்டிநாட்டு ஆச்சிமார்களை மிஞ்ச ஆளில்லை. கொண்டுவிற்கக் கடல் தாண்டிப் போன வீடுகளின் சமையலறை அது, வேறெப்படி இருக்கும்?

அடுப்பு வாங்கத்தான் வேண்டும் என்றால், பியூட்டேன் கேனிஸ்டர் போடும் ஒற்றை பர்னர் அடுப்பு 1,200 முதல் 2,000 ரூபாய். கேனிஸ்டர் ஒன்று 150 முதல் 250. அதன் மேலேயே 50 டிகிரி வெப்பத்துக்கு மேல் வைக்காதே என்று அச்சடித்திருக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டும். எனவே வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர்கள் கேனிஸ்டரை உள்ளே விட்டுவிட்டுப் போகக் கூடாது. அடிக்கடி போகிறவர்களுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் லாபம். அடையாள அட்டை காட்டினால் கிடைக்கும், முகவரிச் சான்று தேவையில்லை. நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும், ஓட்டும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரைத் தூக்கி ஏற்றாதீர்கள்.

மின்சாரம்: இங்கேதான் காசு கரையும்

ஒரு ஃப்ரிட்ஜில் ஆரம்பிக்கும். வண்டியில் வைக்கும் 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 25,000 ரூபாய்க்கு மேல். அது ஓடும்போது சுமார் 45 வாட் எடுக்கும். நம் சூட்டில் பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று வைத்தால், 45 வாட்டை 12 மணி நேரத்தால் பெருக்கி, ஒரு நாளைக்கு 540 வாட்-மணி. வண்டியின் சொந்த பேட்டரியில் இதைப் போட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஆகவே இரண்டாவது பேட்டரி. சாதாரண ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசு குறையும். ஆகவே லித்தியம். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1,280 வாட்-மணி, இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே அதைச் சார்ஜ் செய்யத் தனிக் கருவி, ஃப்யூஸ், கனத்த வயர். பாலைக் கெடாமல் வைக்கத் தொடங்கிய ஆசை 80,000 ரூபாயில் வந்து நிற்கும்.

இனி, உண்மையில் என்ன தேவை? இரண்டு செல்போன் சார்ஜுக்கு 30 வாட்-மணி. 5 வாட் எல்இடி விளக்கு ஐந்து மணி நேரம் எரிய 25. சின்ன யுஎஸ்பி விசிறி 5 வாட், எட்டு மணி நேரம் சுற்ற 40. மொத்தம் 95. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றுக்குள் 74 வாட்-மணி இருக்கும். மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் 50 அளவில் கைக்கு வரும். இரண்டு பவர் பேங்க் இருந்தால் ஓர் இரவு முடிந்தது. மறுநாள் வண்டி ஓடும்போது அவற்றை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். செலவு 3,000 ரூபாய்.

பாலுக்கும் மீனுக்கும் ஐஸ் பெட்டி, 20, 25 லிட்டர், 1,500 முதல் 2,500. துண்டு ஐஸைவிடக் கட்டி ஐஸ் வெகுநேரம் கரையாது. தொண்டிப் பக்கம் போனால் மீனுக்குப் போடும் ஐஸ் பார் மலிவாகக் கிடைக்கும். அது பெட்டிக்கு மட்டும், ஜூஸில் போட அல்ல.

வண்டியில் கைவைக்கும் முன்

ஏடி டயர் (கரடுமுரடான பாதைக்கான டயர்), லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் சாமான்), கூடுதல் விளக்கு, முன்பக்க இரும்பு பம்பர் (புல் பார்) என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் கொடுப்பதில்லை. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. முன்பக்க புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. புல் பார் இருந்தால் மோதலின் விசை ஏர்பேக் சென்சாருக்குச் சரியாகப் போய்ச் சேராது, எதிரே நடந்து வருகிறவருக்கும் ஆபத்து. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். டயரை மட்டும் பழையது தேய்ந்த பிறகு, அதே அளவில், கொஞ்சம் கரடுமுரடான பட்டையுள்ளதாக மாற்றுங்கள். தேயாத டயரைக் கழற்றிக் கடாசுவது பணத்தைக் கண்மாயில் கொட்டுவது.

உள்ளே ஏற்றும் சாமான் எல்லாவற்றையும் கட்டுங்கள். இழுத்து இறுக்கிக் கட்டும் ராட்செட் பெல்ட் ஒரு ஜோடி 500 முதல் 1,000 ரூபாய். திடீரென பிரேக் போட்டால் 20 கிலோ தண்ணீர் கேன் பின்னந்தலையை நோக்கி வரும்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். பஞ்சர் கிட், இன்ஃப்ளேட்டர், அழுத்தமானி, பட்டை, முதலுதவி, தீயணைப்பான், ஹெட்லேம்ப், கொசுவலை, தார்ப்பாய், கயிறு, தண்ணீர் கேன். நான் ஆரம்பத்தில் சொன்ன 8,000 முதல் 12,000 இதுதான். அடுப்பு, கூடாரம், இரண்டு கட்டில், இரண்டு மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, பெல்ட், பவர் பேங்க் என்று இரண்டாவது கட்டம் 16,000 முதல் 30,000 வரை. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. கூடாரமா கட்டிலா என்று ஒன்றைத் தேர்ந்தாலே கால்வாசி குறையும். ஃப்ரிட்ஜ், லித்தியம், ரூஃப்டாப் டென்ட், கேரியர், புது டயர் என்று மூன்றாவது கட்டம் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. பத்து இரவாவது வெளியே தூங்கிய பிறகு அதை யோசியுங்கள். அப்போதும் முதலில் ஒரு வாரக்கடைசிக்கு இரவல் கேளுங்கள். புதிதாக வாங்கிவிட்டு அலுத்துப்போனவர்கள் பாதி விலைக்கு விற்பார்கள். என் 85,000 ரூபாய் டென்ட் 45,000-க்குப் போனது. வாங்கியவர் ஊட்டிப் பக்கம் அடிக்கடி போகிறவர், அவருக்கு அது பொருத்தம்.

முதல் இரவு எங்கே?

சொந்தக்காரர் தோப்பில். உறவினரோ நண்பரோ, கேட்டில் பூட்டும், கிணற்றில் தண்ணீரும் உள்ள தோப்பாகப் பார்த்து, வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒரு சனிக்கிழமை போய்ப் படுங்கள். எது மறந்துபோனது, எது தேவையே படவில்லை என்று தெரியும். மறந்தால் வீட்டுக்குப் போய் எடுத்துவரலாம்.

இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு 300 கிலோமீட்டர் சுற்று ஒன்று போடலாம். திருமயம் கோட்டை, சிங்கம்புணரி தாண்டிப் பிரான்மலை, ஒரு நாள் தொண்டிக் கடல். டீசலுக்கு 22 லிட்டர், 2,000 ரூபாய் அளவில். பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்கிறார்கள். முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு நடந்து வந்த வள்ளல் அவர். வண்டிக்குக் கீறல் விழுந்தால் நமக்கு ராத்திரி தூக்கம் வராது. தங்குவதற்குத் தனியார் இடம் பார்த்து, உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். கோட்டை வளாகத்தில் தங்க முடியாது. தனுஷ்கோடியில் கூடாரம் அடிக்கும் கனவோடு போகிறவர்களை மாலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள்.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் ஒரு காலை நேரம் ஒதுக்கலாம். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. வண்டியில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு அந்த ஊருக்குள் போகாதீர்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் படுக்கையை வெயிலில் போடுங்கள், தண்ணீர் கேனைக் கவிழ்த்து வையுங்கள். அப்புறம் டயர் நான்கையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். முள் முறிந்து உள்ளேயே நின்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமை காற்று இறங்காது. திங்கட்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பும்போதுதான் இறங்கும்.